பெயர் போடாத ஒற்றை நட்சத்திரம்

நிறுவனத்தின் மானம் கப்பலேறியது திங்கட்கிழமை காலை 9.40-க்கு. ஊழியர்கள் பெயர் சொல்லாமல் தங்கள் அலுவலகத்தைப் பற்றி எழுதும் இணையதளத்தில், ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து யாரோ மூன்று வரி எழுதியிருந்தார்கள்.

"நோயாளி வீட்டிலிருந்து திரும்பி வரும் சாமான்களைக் கழுவாமலே பச்சைக்கு மாற்றி அடுத்த நோயாளிக்கு அனுப்புகிறார்கள். இதுவரை பத்தொன்பது. இதற்குப் பெயர் தொண்டாம்."

சக்கர நாற்காலி, கட்டில், மூச்சுக் கருவி என்று வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு இலவசமாக இரவல் கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. 'கேட்ட அன்றே கையில்' என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த மூன்று வார்த்தை மேல் இயக்குநருக்குப் பெற்ற பிள்ளை மேல் இருப்பது போன்ற பாசம்.

10.05. அவர் ஏட்டம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். இரவல் கேட்பவர்களின் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவது இப்போது அவள் வேலை.

"யாருன்னு எனக்குத் தெரியும். சோப்பண்ணன்தான். கழுவுறவருக்குத்தானே எது கழுவலைன்னு தெரியும்? நீங்க ஆதாரத்தை மட்டும் புடிச்சுக் குடுங்க. ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன், வேலைநீக்கக் கடிதத்தைக் கையில குடுத்து அனுப்பிடுவேன்."

இணையதளத்துக்குப் பதிலும் தயாராக இருந்தது. 'பொறுப்பற்ற ஒருவரின் அவதூறு இது. நடவடிக்கை எடுக்கப்பட்டது.'

"அவர் வீட்டுல இருக்கிற மூச்சுக் கருவி?" என்றாள் ஏட்டம்மா.

"ஊழியர்னு முன்னுரிமையில குடுத்தது. வேலை போனா அதுவும் திரும்பி வரணும். விதி விதிதானே?"

அந்தக் கருவி இல்லாவிட்டால் சோப்பண்ணனின் மனைவியால் கட்டிலிலிருந்து கதவு வரை நடக்க முடியாது. போன மாதம் நேரில் பார்த்துவிட்டு வந்தவள் ஏட்டம்மா.

10.30. பின்கட்டு. தொட்டி, குழாய், கொடியில் காயும் மெத்தை உறைகள். யாருக்கும் சோப்புப் போடத் தெரியாத மனிதருக்கு அந்தப் பட்டப்பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ! சோப்பண்ணன் ஒரு நாற்காலிச் சக்கரத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவி முடிச்சதுக்கு என்ன அடையாளம்ணே?" என்றாள் ஏட்டம்மா.

"கைப்பிடியில துணி கட்டுவேன்."

"என்ன கலர்?"

"கிழிஞ்ச வேட்டி, பழைய சட்டை, கைக்கு வந்தது. கலரா முக்கியம்?"

"கழுவாம ஏதாவது வெளிய போச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? பன்னிரண்டு நாள் லீவு. வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுக் கூடவே கெடந்தேன். பதிலுக்கு ஆள் போட்டிருக்கோம்னு சார் சொன்னாரு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"வீட்டுக்கு வந்துட்டா. மெஷினும் அன்னிக்கே வந்துடுச்சு, நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்துல. ஆனா இருமல் ஒரேயடியா புடிச்சு உலுக்குது."

11.15. பதிவறை. அங்கே உட்கார்ந்திருப்பது இயக்குநரின் மனைவி. சம்பளம் கிடையாது, எட்டு மணி நேர வேலை உண்டு. கம்ப்யூட்டர் திரையில் வரிசை வரிசையாகச் சாமான் எண்களும் மனு எண்களும். சில சிவப்பு, சில பச்சை.

"இது என்னங்க கலரு?"

"திரும்பி வந்தா சிவப்பு. கழுவியாச்சுன்னா பச்சை. பச்சையானாதான் வண்டியில ஏத்துவாங்க."

"பின்கட்டுல இருக்கிறவங்க இதைப் பார்ப்பாங்களா?"

"இல்ல. பாஸ்வேர்டு அவருக்கும் எனக்கும்தான் தெரியும்." இதைச் சொல்லும்போது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

12.50. இயக்குநரின் அறை. ஏட்டம்மா அவர் மனைவியையும் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"சோப்பண்ணன் இல்ல சார். அதுல 'பச்சைக்கு மாற்றி'ன்னு எழுதியிருக்கு. பின்கட்டுல பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது. துணி கட்டுவாங்க, இல்ல கட்டமாட்டாங்க. அவர் எழுதியிருந்தா துணின்னுதான் எழுதியிருப்பாரு. நீங்க நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர். அதனால அந்த வார்த்தை உங்க கண்ணை உறுத்தல. பின்கட்டுக்குப் போய் எத்தனை மாசமாச்சு?"

இயக்குநர் கையிலிருந்த கடிதத்தை மேசை மேல் வைத்தார்.

"இன்னொண்ணு, பத்தொன்பது. லீவுல இருந்தவருக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும்? திரையைத் திறக்க முடிஞ்சவங்க ரெண்டே பேர். நீங்க எழுதல."

"நான்தான் எழுதினேன்," என்றாள் மனைவி. "ஆள் போடவே இல்ல. வீட்ல மூணு தடவை சொன்னேன். 'சோப்பண்ணன் வர்ற வரைக்கும் பச்சை போட்டுத் தள்ளு, வாசல்ல எழுதினது பொய்யாகக் கூடாது'ன்னீங்க. போட்டேன். ராத்திரி தூக்கம் வரல. வீட்ல சொன்னா காதுல விழல, ஊர் சொன்னா விழும்னு நெனச்சேன்."

இயக்குநர் மேசை மேலிருந்த வேலைநீக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சரி, தப்புதான். முதல்ல அதை அழிச்சிடு."

"அது கெடக்கட்டும் சார்," என்றாள் ஏட்டம்மா. "அந்தப் பத்தொன்பதும் இப்ப யார் யார் வீட்ல இருக்கு?"

திரையில் பெயர் கிடையாது, மனு எண் மட்டும்தான். எந்த எண் எந்த வீடு என்பது விசாரித்துவிட்டு வந்த ஏட்டம்மாவுக்குத்தான் அத்துப்படி. மனைவி அச்செடுத்துக் கொடுத்த தாளில் அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். பதினொன்றாவது வரியில் விரல் நின்றது. மூச்சுக் கருவி. அந்த மனு எண்ணை எழுதியது அவளேதான்.

தாளை அவர்கள் பக்கம் திருப்பி, அது யார் வீடு என்று சொன்னாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

1.00. கதவு தட்டும் சத்தம். சோப்பண்ணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"வரச் சொன்னீங்களாமே சார்?"

இயக்குநர் தரையைப் பார்த்தார். குற்றவாளிகளிடம் எத்தனையோ முறை பேசிய ஏட்டம்மாவுக்கு, குற்றமே செய்யாத ஒருவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"வாங்கண்ணே, வண்டியில உங்க வீட்டுக்குப் போகலாம். அந்த மெஷினை மாத்தணும்."

"எதுக்கும்மா? நல்லாத்தானே ஓடுது?"

"கழுவாம வந்ததுண்ணே."

சோப்பண்ணன் வண்டிக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடினார்.