ஏழு சொன்னது யார்?

சாரணர் படையில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதற்குக் குருளையர் படை என்று பெயர். இந்தக் கதையில் வரும் படையில் மொத்தம் பதினோரு பேர். அவர்களுடைய தலைவர் ஒரு தபால்காரர். பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள்.

பையில் ஒரு கடிதம் குறைந்தாலும் தபால்கார மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். வெளியே கூட்டிப் போனால் அரைமணிக்கு ஒருதரம் விசில் ஊதி, "எண்ணுங்க" என்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளுக்கு ஓர் எண்ணைக் கத்த வேண்டும். பதினொன்று வரை வந்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

ஆறாம் எண் ஒரு பத்து வயதுப் பெண். அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்தது அவளுடைய சொந்த அண்ணன். பல் தேய்க்கும்போதுகூட அவளால் பேச முடியும். அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஏழாம் எண், மூன்று வாரத்துக்கு முன்பு சேர்ந்த எட்டு வயதுப் பையன். குரல் அவ்வளவு மெல்லியது. பஞ்சு என்ற பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் அவனும் "ஏழு" என்று சொல்லத்தான் செய்தான். பக்கத்தில் நின்ற ஒலிபெருக்கிக்கு மட்டும் கேட்டது.

"ஏழு எங்கப்பா?" என்றார் மாமா.

பஞ்சு மறுபடி சொன்னான். மறுபடியும் யாருக்கும் கேட்கவில்லை.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடா?" என்றான் எட்டாம் எண் பையன். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சுவின் காதுகள் சிவந்துபோயின.

ஒலிபெருக்கிக்குப் பாவமாக இருந்தது. அடுத்த விசிலுக்கு "ஆறு" என்று தன் குரலில் கத்தினாள். உடனே குரலைக் கீச்சென்று மாற்றி, "ஏழு" என்றாள். மாமா அப்போது குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. பஞ்சு அவளை நன்றியோடு பார்த்தான்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. குருளையர் தினமும் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்பது விதி. கூட்டம் நடக்கும் நாட்களில் ஒலிபெருக்கிக்கு அந்தக் கவலை விட்டது. கைவலிக்காத நல்ல காரியம்.

அந்தச் சனிக்கிழமை தடம் பார்க்கும் பயிற்சி. கல்லையும் குச்சியையும் வைத்து அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே காட்டு வழியில் போய்ச் சேர வேண்டும். ஒருவழியாக எல்லாக் குறிகளையும் கண்டுபிடித்து, ஓடைக்கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

ஒலிபெருக்கி, தன் அண்ணன் நாற்காலிக் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்சு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஏதோ சொன்னான்.

"ம்… சரி, சரி" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "அப்புறம் கேளுங்கடி, எங்கப்பா எண்ணெய் எடுத்துட்டு வந்தாரா…"

கதை முடிவதற்குள் விசில் கேட்டது. மாமா குனிந்து தண்ணீர்ப் புட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே "ஆறு" என்றாள். அதே மூச்சில் கீச்சுக் குரலில், "ஏழு."

பதினொன்று வந்தது. "கெளம்பலாம்" என்றார் மாமா.

ஒற்றையடிப் பாதை. இருபது நிமிடம் வரிசையாக நடந்து சாலைக்கு வந்தார்கள். வேன் தயாராக நின்றது. "ஆறு மணிக்கு எனக்கு வேற சவாரி இருக்கு, சீக்கிரம் ஏறுங்க" என்று ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார். வேன் வாசலில் நின்று மாமா மறுபடி எண்ணச் சொன்னார்.

"ஆறு" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கி பக்கத்தில் பார்த்தாள். பஞ்சு இல்லை.

ஏழு என்ற எண், பழக்கதோஷத்தில் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"மாமா, பஞ்சுவைக் காணோம்."

"ஓடைகிட்ட இருந்தானே. ஏழுன்னு சொன்னது கேட்டுச்சே."

"அது நான் மாமா. மூணு வாரமா நான்தான் சொல்றேன்."

தபால்கார மாமா திட்டவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"கடைசியா உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"சட்டையை இழுத்து என்னமோ சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"தெரியல மாமா. நான் பேசிட்டிருந்தேன்."

எல்லோரும் திரும்பி ஓடினார்கள். ஓடைக்கரையில் பஞ்சு இல்லை. அதைத் தாண்டி, பாதை இரண்டாகப் பிரியும் இடம் வரை போனார்கள். அங்கே நின்று பத்துப் பிள்ளைகளும் மாமாவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவர் நிறுத்துவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்தார். மரத்திலிருந்த பறவைகள்கூடப் பறந்துவிட்டன.

பத்தாவது முறை கத்தப் போன ஒலிபெருக்கி சட்டென்று வாயை மூடினாள்.

"யாரும் கத்தாதீங்க. மாமா, நீங்களும்தான். நாம இப்படிக் கத்தினா அவன் குரல் எப்படிக் கேக்கும்?"

"இதை நீயா சொல்றே?" என்றான் எட்டாம் எண். ஆனாலும் வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். இலைகள் சலசலத்தன. யாருடைய வயிறோ பசியில் கடமுடவென்றது. பிறகு இடப்பக்கப் பாதையில், புதருக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"இங்கதான் இருக்கேன்."

பஞ்சு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். தலையில் தொப்பி. கண்ணில் நீர் கோத்திருந்தது, ஆனால் வழியவில்லை. வழி தவறினால் நின்ற இடத்தைவிட்டு நகராமல் குரல் கொடுக்க வேண்டும் என்று படையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் அப்படியே செய்திருந்தான்.

மாமா அவனைத் தூக்கிக்கொண்டார். "எவ்வளவு நேரமா கூப்பிடுறேப்பா?"

"நீங்க வந்ததிலேருந்து. பதினாலு தடவை சொன்னேன்."

ஒலிபெருக்கிக்கு அழுகை வந்துவிட்டது. "ஓடைகிட்ட என்கிட்ட என்னடா சொன்னே?"

"வர்ற வழியில தொப்பியை விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடறேன், எனக்காக நில்லுங்கன்னு சொன்னேன். நீங்க சரின்னீங்களேக்கா."

அவள் அவன் தொப்பியில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள்.

"தப்பு என் மேலயும்தான்" என்றார் மாமா. "தலையைப் பாக்காம சத்தத்தை மட்டும் எண்ணியிருக்கேன். முகவரியைப் பாக்காம தபாலைப் போட்ட மாதிரி."

திரும்பி நடக்கும்போது ஒலிபெருக்கி பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே உன் எண்ணை நான் சொல்ல மாட்டேன்."

"மறுபடி சிரிப்பாங்களேக்கா."

"சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் வேன்ல ஏற மாட்டேன்."

வேனருகே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். எண்ணிக்கை தொடங்கியது. "ஆறு" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வேன் மட்டும் கடகடவென்று உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓட்டுநரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார்.

"ஏழு" என்றான் பஞ்சு.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை. மாமாவுக்குப் பகீரென்றது. "எட்டு? எட்டு எங்கப்பா?"

"இங்கதான் இருக்கேன் மாமா" என்றான் எட்டாம் எண் பையன். "ஏழைக் கேட்டுட்டிருந்தேன்."