கதவோரத்து ரிவெட்டுகள்

நாலு ரிவெட்டு ஆணிக்கு ஒரு தடவை, வெளியே நிற்கிற வெர்லின் சுத்தியலை நிறுத்திக் கையை உதறிக்கொள்வான். இரண்டு வருடமாகத் தோள்வலி. அந்த இடைவெளியில்தான் டிரெய்லருக்குள்ளே மார்லிஸும் மூச்சு வாங்குவாள். இன்றைக்கு வெளியே சுத்தியல் ஓயவே இல்லை. கிழவனுக்கு இளமை திரும்பிவிட்டதாக்கும் என்று சிரித்துக்கொண்டாள்.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய்த் தங்குகிற, வீடு மாதிரியான ஐம்பத்தெட்டாம் வருடத்து அலுமினிய டிரெய்லர் அது. ஆளில்லாத பண்ணையொன்றில் ஏலம் எடுத்து, அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் தங்கள் கொட்டகைக்கு இழுத்து வந்து, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தகடு தகடாகப் புதுப்பிக்கிறார்கள். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் ரிவெட்டின் தலையில் அடிக்க, உள்ளே ஒருவர் அதன் வாலுக்கு நேரே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை இருந்தால்தான் வால் நசுங்கும், தகடு பிடிக்கும். ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருந்தார்கள். தகடு கோணக்கூடாது என்று கதவையும் சாத்தியாயிற்று. உள்ளே ஒரு கைவிளக்கு, பழைய எலிப்புழுக்கை வாடை, சூடேறிய அலுமினிய வாடை, காதுக் கவசத்தையும் தாண்டி எலும்புக்குள் இறங்கும் அந்த அடி. வால் எட்டிப் பார்க்கும், கட்டையை வைப்பாள், நசுங்கும். யோசிக்கவே வேண்டாம், பழகிய கை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கவசத்தைத் தள்ளிவிட்டு எடுத்தாள். வெர்லின்.

"என்ன கிழவா, வெளியில நின்னுக்கிட்டே போனா?"

"வெளியிலயா? நான் டவுன்ல இருக்கேன்டி. ரிவெட் தீர்ந்துபோச்சு. கத்திக் கத்திப் பார்த்தேன், உன் காதுல எங்க விழுந்துச்சு? டோனட் வாங்கிட்டு வரவா?"

"எப்ப கிளம்பினே?"

"முக்கால் மணி நேரம் ஆச்சு. ஆமா, அங்க யாரு அடிக்கிறது? சத்தம் கேக்குதே!"

விளக்கைத் திருப்பினாள். இவ்வளவு நேரம் தான் பிடித்துக்கொடுத்த ரிவெட்டுகள் எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தாள். கதவையும் சட்டத்தையும் சேர்த்து, விரற்கடைக்கு ஒன்றாக, மேலிருந்து கீழே. தன் கையாலேயே தன்னை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். தள்ளினாள். தோளால் மோதினாள். கதவு அசையவில்லை.

"வெர்லின், சீக்கிரம் வா. என்னால வெளிய வர முடியல." குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

"வந்துட்டே இருக்கேன். போனை வச்சிடாத, மார்லிஸ். பேசிட்டே இரு."

கதவின் அடியில் ஒரு சாண் மட்டும் தைக்காமல் பாக்கி. பகல் வெளிச்சம் கசிந்தது. அங்கே ஒரு வால் எட்டிப் பார்த்தது.

கட்டையைக் கீழே போட்டாள். மாட்டேன். நான் பிடிக்காவிட்டால் உன்னால் ஆகாது.

ரிவெட் ஓட்டைக்குள் வெறுமனே துள்ளியது. சுத்தியல் நின்றது. மண்டியிட்டு, இடுக்கில் விரலை விட்டு நெம்பினாள். அசைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது!

மறுபடி சுத்தியல். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

வால் நசுங்கியது. கட்டை தரையில்தான் கிடந்தது. அடுத்தது. நசுங்கியது. அடுத்தது. வெளிச்சம் போயிற்று.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கட்டை இல்லாமலே நசுங்கிய ஒவ்வொரு வாலின் மேலும் ஒரு கட்டைவிரல் ரேகை. உள்பக்கமிருந்து அழுத்தியது.