சரோஜினி கேட்ட மீ

பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் மருதப்பன் மாமா தம் தள்ளுவண்டியை ஜாலான் புசார் சந்துக்குள்ளேயே நிறுத்திவிடுவார். அன்று வியாபாரம் கிடையாது. சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சுடச்சுட மீ கோரெங், அதாவது காரமாக வறுத்த நூடுல்ஸ், காசில்லாமல்.

பத்து வயது சரோஜினிக்கு மட்டும் இல்லை. அவள் வீட்டில் சைவம். மாமாவின் மீயில் இறாலும் முட்டையும் இருக்கும். போன வருடம் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றாள்.

இந்த வருடமும் மாமா பழத்தை நீட்டினார். சரோஜினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கும் மீதான் வேணும் மாமா. இறால், முட்டை இல்லாம.”

“இறால் இல்லாத மீயா? அது வெறும் நூல் லா,” என்று சிரித்தான் முத்துசாமி. சந்துப் பிள்ளைகளில் அவன்தான் பெரியவன்.

மாமா தயங்கினார். “என் சட்டியில எப்பவும் இறால்தான் பாப்பா. உனக்கு ஆகாதே. உனக்குன்னு தனியா காய் நறுக்கவும் எனக்கு நேரம் ஏது?”

“சட்டி நான் கொண்டு வரேன். காயும் நானே நறுக்குறேன். நீங்க கிளறிக் குடுங்க, போதும்.”

பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் அவர்கள் பேசுவது இலங்கைத் தமிழ்.

“அம்மா, எங்கட இரும்புச் சட்டியைத் தாங்கோ.”

“கொண்டு போ. இறால் பட்டால் மட்டும் திரும்பக் கொண்டு வராதை,” என்றார் அம்மா.

அடுத்த வீட்டுப் பரீதா உருளைக்கிழங்கை உரிக்க வந்தாள். குட்டிப் பிள்ளைகள் முளைப்பயற்றை அலசினார்கள். சரோஜினி முட்டைக்கோஸை நறுக்கிக் குவித்தாள்.

“ஒருத்திக்கு இவ்வளவா?” என்றார் மாமா.

“கேக்குறவங்களுக்கும்தான்.”

எண்ணெயில் மிளகாய் விழுது சீறியது. சந்தே தும்மியது.

“இப்ப தக்காளி போடுங்க மாமா.”

“யாரு இங்க கடைக்காரர்? நீயா, நானா?”

“இந்தச் சட்டிக்கு நான்.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். தக்காளியைப் போட்டார்.

மீ சிவந்து மணந்தது. சரோஜினி முதல் தட்டை வாங்கிக்கொண்டு, சந்தில் விரித்திருந்த பாயின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஊதி ஊதித் தின்றாள். பரீதா ஒரு வாய் கேட்டாள். பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக நீண்டன. சரோஜினி எழுந்து கரண்டியைக் கையில் எடுத்தாள்.

முத்துசாமி இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“சின்னப் பிள்ளைங்க முதல்ல,” என்றாள் அவள். “நீ பின்னால போய் நில்லு.”

அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது, அடியில் மொறுமொறுப்பாக ஒட்டியிருந்த ருசியான பகுதியை எல்லாம் சுரண்டி அவன் தட்டில் போட்டாள் சரோஜினி.