கேசட்டில் கேட்ட குரல்

ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் பாலத்தடியிலிருந்து ஊறிய சேற்றின் வாடை வந்துகொண்டே இருந்தது. யூனுஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். குவைத்திலிருந்து லீவில் வந்த நாளாக அந்த மூக்குக்கு இந்த நாட்டில் எதுவுமே பிடிக்கவில்லை. பெரிய கோயில் மதிலைப் பார்த்து, ‘இவ்வளவுதானா’ என்றான். அரண்மனையில் வௌவால் நாறுகிறது என்றான். அகழியைச் சாக்கடை என்றான். கூத்தாநல்லூரிலிருந்து மனைவியையும் மகளையும் வாடகைக் காரில் கூட்டிவந்து தஞ்சாவூரை அவர்களுக்குக் காட்டியதைவிட, தன் புது வீடியோ கேமராவைத் தஞ்சாவூருக்குக் காட்டியதுதான் அதிகம்.

“இதுக்குப் பேரு புது ஆறாம்! எங்க கம்பெனியில கார் கழுவுற தண்ணி இதைவிட அதிகம்” என்றபடி மகள் மர்யத்தின் கையைப் பிடித்துப் படித்துறையில் இறங்கினான்.

“கல்லணையில தண்ணி திறந்துட்டாங்களாம் மச்சான். புள்ளைய இறக்காதீங்க” என்றாள் நூர்ஜஹான் கரையிலிருந்து.

“திறந்துட்டாலும்! உங்க ஊருத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள நான் அடுத்த லீவுக்கே வந்துருவேன்.”

இப்போது ஏழு வயதாகும் மர்யத்தைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவன் அவன். நடுவில் ஒரே ஒரு லீவு. மற்றபடி மகள் அவனுக்குத் தபாலில் வரும் கேசட்டில் ஒரு குரல். எல்லாக் கேசட்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “அத்தா, நான் பேசுறது கேக்குதா?” அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவான். முகம்தான் தகராறு. விமான நிலையத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்த மகராசன். அதற்கும் மகளைத்தான் திட்டினான்; போட்டோவில் இருப்பதுபோல இருக்கத் தெரியவில்லையாம்.

“பாலத்தடியில போயி நின்னு கத்து. எதிரொலிக்கும். அத்தா வீடியோ எடுக்குறேன்.”

“இருட்டா இருக்கு அத்தா.”

“குவைத்துக்காரன் மவ பயப்படலாமா? போ.”

போனாள். கேமராக் கண்ணாடிக்குள் ரோஸ் கவுன் சிறுத்துக்கொண்டே போய் வளைவின் இருட்டில் மறைந்தது. மேலே பஸ் ஓடிய அதிர்வில் காரை உதிர்ந்தது, எங்கோ உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் கேட்டது, வறண்ட ஆற்றில் என்ன சொட்டுகிறது என்று அவன் யோசிப்பதற்குள் சேற்று வாடை கெட்டியாகித் தொண்டையில் அப்பியது. மர்யம் கத்தவில்லை.

பிறகு ரோஸ் கவுன் வெளியே வந்தது.

“ஏன் கத்தல? ஒண்ணுக்கும் உதவாத புள்ள!” திட்டிக்கொண்டே கையைப் பிடித்துப் படியேறினான். கை ஜில்லென்று இருந்தது. ஏறிய படியிலெல்லாம் ஈரம்.

“எங்கடி நனைஞ்ச?”

குனிந்த தலை நிமிரவில்லை. நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் விரல்கள் சுருங்கியிருந்தன. தோல் அவன் உள்ளங்கையில் வழுக்கியது.

மேற்கே இரைச்சல். கரையில் யாரோ குலவையிட்டார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது.

அப்போது பாலத்தடியிலிருந்து கேட்டது.

“அத்தா, நான் பேசுறது கேக்குதா?”

அதே குரல். அதே இழுப்பு.

யூனுஸ் திரும்பினான். இறங்க வேண்டும். கையை உதறினான். வரவில்லை. இன்னும் உதறினான். சின்னக் கைதான். பிடி இறுகியது. கேமரா படியில் விழுந்து உருண்டது.

“அத்தா... கேக்குதா?”

“கேக்குதும்மா! கேக்குது!”

நூர்ஜஹான் ஓடிவந்தாள். “அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு பேரும் மேல வந்துட்டீங்க!” பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டுத் துவட்டத் தொடங்கினாள்.

“இது இல்ல... நம்ம புள்ள அங்க... உள்ள...”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பெத்த புள்ளைய இன்னுமா அடையாளம் தெரியல உங்களுக்கு?”

தண்ணீர் வளைவுக்குள் புகுந்தது. குரல் நின்றது.

துவட்டத் துவட்ட அந்தத் தலையிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. முந்தானைக்கு உள்ளிருந்து முகம் அவன் பக்கம் நிமிர்ந்தது. வாய் மெல்லத் திறந்தது. உள்ளே, பல் வரிசை வரைக்கும், சேறு.