முக்கோண மஃப்ளர்

"திருடி! கொஞ்சம்கூட கூசாம எங்கம்மா ஸ்வெட்டரைப் பிரிச்சிருக்கியேடி!"

நாத்தனாரின் கத்தல் சமையலறைவரை வந்தது. அடுப்பிலிருந்து பால் இறக்கிக்கொண்டிருந்த மருமகள் திரும்பிய வேகத்தில் பாதிப் பால் தரையில் கொட்டியது. விடிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அர்ச்சனை ஆரம்பம்!

கூடத்தில் நாத்தனார் நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரல் நுனியில் அந்தப் பழுப்பு மஃப்ளரைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் சென்ட் தெளித்த கைக்குட்டை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்து, பேச்சும் குழறி, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்ததிலிருந்து போகும்வரை அந்தக் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்காது.

"இதைப் பாருடா தம்பி! இந்தப் பக்கம் ஒரு சாண் அகலம், அந்தப் பக்கம் நாலு விரக்கடை. மீதி நூலெல்லாம் எங்க போச்சு? பொறந்த வீட்டுக்குத்தானே?"

தம்பியானவன், அதாவது மருமகளின் கணவன், லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றான். தூ... இதுவும் ஒரு ஆம்பளை!

"அண்ணி, நான் இப்பத்தான் பின்னப் பழகறேன்... கண்ணி தானா குறையுது. ஏன்னு எனக்கே தெரியல..."

உண்மைதான். மாமியாருக்கு ஊசி போட வரும் நர்ஸ் நூல் பின்னும் குரோஷா ஊசி ஒன்றைக் கொடுத்து, அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். முப்பது கண்ணியில் ஆரம்பித்தது. வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் கடைசிக் கண்ணி மடங்கி ஒளிந்துகொள்ளும். பழக்கமில்லாத கைக்கு அது தெரியாது. நாலைந்து வரிசைக்கு ஒன்றாக விட்டுவிட்டு, இப்போது பதினொன்றில் வந்து நிற்கிறது.

"தானா குறையுதாம்! ஊமையாட்டம் இருந்துக்கிட்டு... என் மொதச் சம்பளத்துல வாங்கினதுடி அந்த ஸ்வெட்டர்!"

மருமகள் அந்த மஃப்ளரையே பார்த்தாள். போன தடவை அந்த ஸ்வெட்டர் மேல் அம்மா வாந்தி எடுத்ததும், "உவ்வே" என்று குப்பைக்கூடையில் வீசியது யார்? அதைத் தோண்டி எடுத்து, ஐந்து தண்ணீர் மாற்றி அலசி, கறை போகாத பக்கத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தைப் பிரித்தது யார்? கிழவிக்குக் கழுத்தில் குளிர் தாங்காது என்றுதானே!

"மீதி நூல் அத்தைகிட்ட..."

"பேச முடியாதவங்க மேல பழியா? நாக்கு அழுகிடும்!"

இந்தக் கூச்சலில் கூடத்து மூலைக் கட்டிலில் கிடந்த மாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தொடர்ந்து வாந்தி. கட்டிலடியில் இருந்த பேசினில் பாதி, போர்வையில் பாதி. புளித்த நெடி கூடம் முழுக்கப் பரவியது. நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"போய்ப் பாரேன்," என்றான் கணவன். "உனக்குத்தான் அருவருப்பே கிடையாதே."

நாலு வருஷமாக அவன் சொல்லும் ஒரே பாராட்டு இதுதான். மருமகள் ஓடிப்போய்க் கிழவியின் வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யார் சொன்னது கிடையாதுன்னு? எனக்கும் குமட்டுதுங்க! ஒவ்வொரு நாளும் குமட்டுது. இதுக்கே இப்படின்னா, இப்ப கேட்டேனே அந்தப் பேச்சு... அதுக்கு மேல நாத்தம் வேற இருக்கா?"

கிழவியின் நல்ல கை தலையணைக்கு அடியில் எதையோ தேடியது. பழுப்பு நூல் உருண்டை ஒன்று வெளியே வந்தது. தினமும் அந்த ஒரு கையாலேயே உருட்டி உருட்டிச் சுற்றியது.

"நா...ந்தான்... பிரிக்க... சொன்னேன்," என்றாள் மகளிடம். "குப்பை...ல... நீ... போட்டே."

நாத்தனாரின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. மஃப்ளரை அம்மாவின் கழுத்தில் சுற்றிவிட்டாள். என்ன தோன்றியதோ, பேசினை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நாலடி போகவில்லை... குனிந்தவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

மருமகள்தான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருஷமும்... உனக்கு இப்படித்தானா?"

"முதல் வருஷம் தினமும் எடுப்பேன் அண்ணி. அப்புறம் மூச்சை அடக்கப் பழகிட்டேன்."

"உன்னைப் போய்த் திருடின்னேனே... பாவி நான்!" நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். சென்ட்டும் வாந்தியுமாக, சகிக்கவில்லை. இருந்தாலும் மருமகள் விலக்கவில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை.

அழுது ஓய்ந்த நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். தம்பி வாசல்படியில் ஒரு கால் வைத்திருந்தான்.

"எங்கடா நழுவற? உள்ள வா. இந்த பேசினை நீ கழுவு. உன்னையும் பெத்தவதானே!"

அவன் பேசினை வாங்கினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, வழக்கம்போல மனைவியைப் பார்த்தான்.

அவள் கையை நீட்டவில்லை.