பபிள்கம் பாக்கெட்டோடு வந்தவன்

“உயிரோட இருந்தா துஆ கேக்கலாம், மௌத்தாயிட்டா யாசீன் ஓதலாம். எது செய்யன்னு தெரியாம முப்பத்தஞ்சு வருசமா ஒரு தாய் என்ன செய்வா, சொல்லுங்க அண்ணாச்சி?”

மேலப்பாளையம் மைதீன் பாத்திமா இதைக் கேட்டபோது அவர் முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிப் போயிருந்தது. பாளையங்கோட்டையில் தேவசிகாமணியின் வீட்டு முன்னறைக்கு அழாமல் வந்து உட்காருகிறவர்கள் குறைவு. இந்த அம்மாள் அழவில்லை. மடியிலிருந்த துணிப்பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தேவசிகாமணி அரசுத் தடய அறிவியல் கூடத்தில் பத்திரங்களையும் கையெழுத்துகளையும் சோதித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். எதிரே இருப்பவருக்குப் பொறுமை போய்விடும், அவருக்குப் போகாது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வக்கீல் ரீபா அதற்கு நேர் எதிர். வழக்கைப் பாதி கேட்பதற்குள் தீர்ப்பே எழுதிவிடுவாள். இரண்டு பேரும் எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ, அந்தத் தெருவுக்கே விளங்கவில்லை.

“முதல்லேருந்து பைய சொல்லும்மா” என்றார் தேவசிகாமணி.

“எங்க காக்கா தாவூது, எனக்கு மூத்த அண்ணன், பதினஞ்சு வயசுல வீட்டைவிட்டுப் போனவன். போன வாரம் ஒரு ஆளு வந்து வாசல்ல நின்னான். உம்மா கட்டில்ல படுத்தவாக்குல ‘வந்துட்டியா மவனே’ன்னு கையை நீட்டுனாக. அவனும் போய்ப் பிடிச்சுக்கிட்டான். அன்னையிலேருந்து உம்மா கையாலதான் அவனுக்குச் சோறு. உம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வீட்ல வச்சுப் பார்த்துக்கோங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாக. இத்தனை வருசமும் காக்கா பேர்ல யாசீன் ஓத யாரையும் விட்டதில்ல. ‘எம் பிள்ளை மௌத்தானதை எவன் பார்த்தான்’னு சண்டைக்கு வந்துருவாக.” மைதீன் பாத்திமாவின் குரல் இறங்கியது. “வந்தவன் எங்க காக்காதானா, அண்ணாச்சி? இல்லேன்னா எங்க காக்கா எங்கன இருக்கான்? உம்மா போறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்.”

“அடையாளத்துக்கு என்ன கொண்டுவந்தான்?” என்று குறுக்கே கேட்டாள் ரீபா.

மைதீன் பாத்திமா பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று, அவர் சிறுவயதில் அட்டைப் படங்கள் சேர்த்துவைத்த பழைய ஆல்பம். மற்றது, வந்தவன் கொடுத்த ஒரு பாக்கெட். மெழுகுத் தாள் உறை, அதற்குள் ஒரு சின்ன அடுக்காக அட்டைகள். ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் மம்பட்டிக் கைப்பிடி மாதிரி மட்டையைத் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றான்.

“பேஸ்பால்” என்றாள் ரீபா.

“அப்ப எங்களுக்கு அந்தப் பேரே தெரியாது. வாப்பா சவூதியில தம்மாம்ல அமெரிக்காக்காரன் கம்பெனி சரக்குக் கிட்டங்கில வேலை பார்த்தாக. ஊருக்கு வரும்போதெல்லாம் அங்குள்ள கடையில இதை வாங்கிட்டு வருவாக. பாக்கெட்டுக்குள்ள அட்டையும் இருக்கும், ரோஸ் கலர்ல பட்டையா ஒரு பபிள்கம்மும் இருக்கும். அதுல பன்னிக் கொழுப்பு சேர்த்திருப்பான்னு வாப்பாவுக்குச் சந்தேகம். ஒவ்வொரு பாக்கெட்டையும் அவுகளே கிழிச்சு, பபிள்கம்மைச் சாக்கடையில போட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் அட்டையை எங்களுக்குத் தருவாக. எங்க வீட்ல யாரும் அதை வாயில வச்சதே கிடையாது.”

“பாவம்” என்று ரீபா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“ஒருநாள் பெட்டியில ஒரு பாக்கெட் குறைஞ்சுது. அந்நேரம் பார்த்துக் காக்கா தெருவுல நின்னு எதையோ மென்னுக்கிட்டு இருந்திருக்கான். ஹராமைத் திருடியா திங்கிறேன்னு வாப்பா செருப்பைக் கழட்டிட்டாக. தெருவே கூடி நிக்குது. ‘எடுத்தேன் வாப்பா, ஆனா திங்கலை, அல்லா மேல சத்தியமா திங்கலை’ன்னு கதறுனான். புளியங்காயைத்தான் மென்னேன்னான். வாப்பா நம்பலை. விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம். வாப்பா அப்புறம் தம்மாமுக்கே போகலை. ஆத்தங்கரை, ரயிலடின்னு தேடித் தேடியே அவுகளும் போய்ச் சேர்ந்துட்டாக.”

“இந்தக் கதையை வந்தவன்கிட்டே சொன்னியா?” என்று கேட்டார் தேவசிகாமணி.

“நான் எங்க சொன்னேன்! வந்த அன்னைக்கே இந்தப் பாக்கெட்டை நீட்டுனான். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துட்டு. ‘ஏன் காக்கா, இந்தப் பபிள்கம்மைத் தின்னுட்டுத்தானே அன்னைக்கு அடி வாங்குனே’ன்னு கேட்டேன். ‘ஆமா தங்கச்சி, ஆசையில தின்னுட்டேன்’னான். அப்பமே எல்லாரும் நம்பிட்டோம்.”

“அப்புறம் ஏன் என்கிட்டே வந்தே?”

மைதீன் பாத்திமா துணிப்பையை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டார். “வாப்பாவை அடக்கின கபுறைக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நேரம் நின்னு ஓதுனான். கடைசியில ஒரு பிடி மண்ணை அள்ளிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டான். எதுக்குன்னு கேட்டதுக்குப் பதிலே சொல்லலை. அதுலேருந்து மனசு ஒரு நிலையில இல்ல.”

“வீட்ல பங்கு கேட்டானா?” இது ரீபா.

“ஜமாத்துல பெரியவுக தாமாவே பேச்சை எடுத்தாக. எனக்கு எதுவும் வேண்டாம்னு எந்திரிச்சே போயிட்டான்.”

தேவசிகாமணி உருப்பெருக்கியை எடுத்தார். ஆல்பத்தில் ஓர் உறையும் ஒட்டியிருந்தது. கிழிந்ததுதான், ஆனாலும் மூலையில் அரபி எழுத்தில் விலைச்சீட்டு இருந்தது. வந்தவன் கொடுத்த உறையிலும் அதே கடைச் சீட்டு, அதே மங்கிய ஊதா மை. அடுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தன, ஓரத்து அட்டை ஒன்றைத் தவிர. அதன் முதுகில் பட்டையான வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை, எண்ணெய் இறங்கினாற்போல் மறுபக்கத்துப் படம் வரைக்கும் ஊறியிருந்தது. ஆல்பத்தில் இருந்த அட்டைகளில் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு கறை இல்லை. உறையின் மடிப்பை விரலால் தட்டியபோது மேசைமேல் ரோஸ் நிறத்தில் துளித் தூள் விழுந்தது.

“செங்கல் தூளா சார்?” என்றாள் ரீபா.

அவர் அந்தத் தூளை ஒரு தாளில் மடித்துவைத்தார். “நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் உங்க வீட்டுக்கு வாரோம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆட்டோவில் ரீபாவால் பொறுக்க முடியவில்லை. “எனக்கு விளங்கிட்டு சார். வீட்டு அட்டையில கறை இல்ல, இவன் கொண்டாந்ததுல இருக்கு. அப்ப இது அந்த வீட்டு அட்டை இல்ல. எங்கேயோ ஆன்லைன்ல வாங்கிட்டு வந்து ஏமாத்துதான். ஆளு பக்காக் கள்ளன்.”

“தம்மாம் கடைச் சீட்டையும் ஆன்லைன்லயா வாங்கினான்?”

ரீபா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேலப்பாளையம் வீட்டின் நடு அறையில், ஜன்னலோரக் கட்டிலில் அந்தத் தாய் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உடம்பு கட்டிலோடு ஒட்டிவிட்டது, கண்கள் மட்டும் விழிப்பாக இருந்தன. கட்டிலின் கீழே உட்கார்ந்து ஒருவன் அவருடைய கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தொடும் வயது, நரைத்த தாடி. அந்நியரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“தம்பி, கொஞ்சம் வெளியே வாங்க, பேசணும்” என்றார் தேவசிகாமணி.

“இங்கனயே பேசுங்க” என்றது கட்டில். “எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”

தேவசிகாமணி மைதீன் பாத்திமாவைப் பார்த்தார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“சரி, இங்கேயே சொல்லுதேன்” என்று தேவசிகாமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “அமெரிக்காவுல இந்த அட்டைக்குப் பெரிய சரித்திரமே இருக்கு. ஆதியில சிகரெட் பாக்கெட் நசுங்காம இருக்க உள்ளே ஒரு அட்டையை வச்சான், அதுல ஆட்டக்காரன் படத்தைப் போட்டான். பிறகு சின்னப்பிள்ளைகளைப் பிடிக்கணுமேன்னு மிட்டாய்க்காரனும் பபிள்கம்காரனும் அதை எடுத்துக்கிட்டாங்க. பிள்ளைகளுக்கு அட்டை மேலதான் உயிர். கடைசியில பார்த்தா பபிள்கம் வேண்டாம், அட்டை மட்டும் போதும்னு ஆயிட்டு. ஏன் தெரியுமா? பாக்கெட்டைப் பிரிக்காமப் போட்டு வச்சா, பபிள்கம் தன்னை ஒட்டியிருக்கிற அட்டையில எண்ணெயாக் கசிஞ்சு கறையாக்கிரும். அட்டை சேர்க்கிறவங்க சும்மா விடுவாங்களா? பபிள்கம்மையே எடுத்துட்டான்.”

ரீபா நிமிர்ந்தாள். “அப்ப அந்தக் கறை...”

“பபிள்கம் கறைதான். ஆல்பத்து அட்டைகள்ல அது இல்ல. ஏன்னா அவங்க வாப்பா வீட்டுக்கு வந்த கையோட பாக்கெட்டைப் பிரிச்சுப் பபிள்கம்மை எடுத்து எறிஞ்சுட்டார். இந்தப் பாக்கெட்டும் அதே கடையில அதே மனுஷன் வாங்குனதுதான், சீட்டு சொல்லுது. ஆனா இதுல கறை அட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள்ல இப்படி ஊறாது, வருசக்கணக்கா ஆகும். மடிப்புல கிடந்த தூள், காய்ஞ்சு நொறுங்கின பபிள்கம். அப்படீன்னா என்ன அர்த்தம்? இந்தப் பபிள்கம்மை யாருமே மெல்லலை. அந்தப் பையன் அன்னைக்குப் பண்ணின சத்தியம் நிஜம்.”

தேவசிகாமணி நின்றுகொண்டிருந்தவன் பக்கம் திரும்பினார்.

“தெருவே கூடி நிக்க வாப்பா அடிச்சபோதும் திங்கலைன்னு கதறின பிள்ளை, சும்மா கேட்டதுக்குத் தின்னேன்னு சொல்லுமா? தங்கச்சி கேட்டது உங்களுக்குப் புதுச் சேதி, தலையை ஆட்டிட்டீங்க. நீங்க தாவூது இல்ல. ஆனா கள்ளனும் இல்ல. கள்ளன் பங்கு வேண்டாம்னு எந்திரிச்சுப் போகமாட்டான். ஊரோட தங்க வந்தவன் கபுறு மண்ணை அள்ளிக் கைக்குட்டையில முடிய மாட்டான். அது வேற எங்கேயோ கொண்டுபோக எடுத்த மண்ணு. வாப்பா கபுறு மண்ணை யாருக்குக் கொண்டுபோறீங்க தம்பி?”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தான். “தாவூதுக்குத்தான்” என்றான்.

மைதீன் பாத்திமா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

“என் பேரு நாசர். கடையநல்லூர். பம்பாயில நானும் தாவூதும் ஒரே பேக்கரியில வேலை பார்த்தோம், ஒரே பாயில படுத்தோம். ஊருக்குப் போவோம்லேன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கேன். போலாம், கையில நாலு காசு சேரட்டும்னு தள்ளிக்கிட்டே போனான். இந்தப் பாக்கெட்டைப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தான். மத்ததெல்லாம் வாப்பா கிழிச்சுத்தான் தருவாக, ஒண்ணையாவது முழுசா வச்சுக்கணும்னு ஆசைப்பட்டு எடுத்தேன்னு சொல்லுவான். அன்னைக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாமேலேன்னு கேட்டேன். சத்தியத்தை நம்பாதவருக்குப் பாக்கெட்டை எதுக்குக் காட்டணும்னான். வைராக்கியம் பிடிச்ச பய. எதுக்கு அடி, என்ன சத்தியம்னு மட்டும் என்கிட்டேயும் சொல்லலை, அதான் தங்கச்சி கேட்டதும் தலையை ஆட்டிட்டேன். மஞ்சக் காமாலையில போயிட்டான். பதினஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, அங்கேயே அடக்கினோம். அவன் கபுறுல போடத்தான் இந்த மண்ணை எடுத்தேன்.”

“இத்தனை வருசம் என்னலே செஞ்சே?” மைதீன் பாத்திமா வெடித்தார். “வந்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா! எங்க உம்மா கையால சோறு வாங்கித் தின்னியே!”

“ஊர்ப் பேரைத் தவிர வீட்டு விலாசம் எதுவும் அவன் சொல்லலை, தங்கச்சி. பேக்கரியை மூடுன பிறகுதான் தேடி வந்தேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமக் கொடுக்கக் கூடாதேன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பாக்கெட்டைப் பிரிச்சேன், தூளாக் கொட்டுச்சு, அது என்னன்னு விளங்கலை. வாசல்ல வந்து தாவூது வீடு இதுதானான்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உம்மா கையை நீட்டிட்டாக. இல்லேன்னு சொல்ல நாக்கு எழும்பலை. நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு நாள் போயிட்டு. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லிச் சம்பளம் வாங்கிய மனிதர்தான். ஆனாலும் சாகக் கிடக்கிற தாயின் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அந்த நேரத்தில் அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “அப்ப எம் பிள்ளை திங்கலை.”

“இல்லம்மா, திங்கவே இல்லை” என்றார் தேவசிகாமணி.

“நாசரு, இங்கன வா.”

அவன் முழங்காலாலேயே நகர்ந்து கட்டிலோரம் வந்தான்.

“அவனைக் குளிப்பாட்டுனது யாரு?”

“நானும் பள்ளிவாசல் மோதினாரும், உம்மா.”

“பச்சைத் தண்ணியா?”

“இல்ல உம்மா. பேக்கரி அடுப்புல போட்ட வெந்நி. பொறுக்கிற சூட்டுக்கு வெளாவித்தான் ஊத்தினேன்.”

“துணி?”

“புதுசு. கபன் துணி நானே வாங்கினேன்.”

“தொழுகைக்கு ஆளு நின்னாகளா? அனாதை மாதிரியா கொண்டுபோனீக?”

“வெள்ளிக்கிழமை உம்மா. ஜும்ஆ முடிஞ்சு பள்ளி நிறைய ஆளு. தெரு வரைக்கும் நின்னாக.”

அந்தத் தாய் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதோரம் இறங்கித் தலையணைக்குப் போயிற்று. தட்டித் தடவி நாசரின் இரண்டு கைகளையும் பிடித்தார். அவன் இழுக்கப் பார்த்தான், அவர் விடவில்லை. உள்ளங்கைகளை விரித்து, எதையோ தேடுகிறவர் போல விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளைத் தம் முகத்தில் வைத்து மூடிக்கொண்டார்.

“கடைசியா எம் பிள்ளையைத் தொட்ட கை” என்றார்.

நாசர் குலுங்கிக் குலுங்கி அழுதான். தேவசிகாமணி ரீபாவுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் ஓசைப்படாமல் எழுந்து வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது, சோர்வாக, ஆனால் தெளிவாக.

“பாத்திமா, கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு வா. உங்க காக்கா பேர்ல யாசீன் ஓது. நான் கேக்கணும்.”