கைதட்டல் வாங்கிய குழல்

ஞாயிறு, மாலை 7.40.

இடைவேளை விட்டதும் பாடகி ரோஷினி கதவைத் தட்டாமலே இசையமைப்பாளரின் அறைக்குள் போனாள். அவள் போட்ட கூச்சலில், கரையான்சாவடி மெயின் ரோட்டை ஒட்டிய அந்த மண்டபத்தின் பின்பக்கம் சமோசா தின்றுகொண்டிருந்த வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் வாயில் வைத்ததை விழுங்காமல் நின்றார்கள்.

இசையமைப்பாளர் தட்சிணாமூர்த்தி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த டிவியில் மேடை தெரிந்தது. விழா தொடங்கியபோது கவுன்சிலர் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, "ஐயா நூறாண்டு வாழ வேண்டும்" என்று மைக்கில் சொல்லியிருந்தார். அதே பொன்னாடைதான் இப்போது பின்னாலிருந்து இரண்டு சுற்று சுற்றி கழுத்தில் இறுக்கப்பட்டிருந்தது. எழுபத்தொன்றிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

பதினைந்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வரலட்சுமி வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அழுகிறவர்களைப் பிடிக்காது. அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறவர்களை அறவே பிடிக்காது. வாசலில் கட்டியிருந்த பேனரை நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். 'நாற்பது ஆண்டுத் திரையிசை. ட்ராக் கிடையாது, கலப்படம் கிடையாது. முழுக்க முழுக்க லைவ்!'

"இந்த ஆள் செத்தது மட்டும்தான் லைவா நடக்கலை போல" என்றாள், உடன் வந்த ஏட்டு ஸ்ரீராமிடம். அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நோட்டைத் திறந்தான்.

முதலில் கீபோர்டு வாசிக்கும் விக்ரம் வந்தான். நாற்பது பேர் கொண்ட குழுவை மேடையில் கட்டி மேய்ப்பவன் அவன்தான்.

"கடைசியா அவரை உயிரோட பார்த்தது யாரு?"

"பார்க்கலை மேடம். கேட்டோம்."

"புரியற மாதிரி சொல்லு."

"நாங்க எல்லாரும் காதுல இயர்போன் மாட்டியிருப்போம். சார் ரூம்ல ஒரு மைக் இருக்கு. டிவியில மேடையைப் பார்த்துக்கிட்டே அதுல பேசுவார். எங்க எல்லார் காதுலயும் விழும்."

"பேசுவாரா, திட்டுவாரா?"

விக்ரம் தரையைப் பார்த்தான். "திட்டுவார்."

"கடைசியா யாருக்கு விழுந்துச்சு?"

"ரோஷினிக்கு. 'உன் குரலை வச்சுக்கிட்டு ஆபீஸ்ல பொட்டி தட்டினாப் போதாதா'ன்னார். அடுத்தது எங்க குழல்காரர் வரதன் சாருக்கு. மழைப் பாட்டு தொடங்கறதுக்குச் சரியா முன்னாடி. 'வரதா, குழலை நேராப் பிடிடா, ஃபோட்டோல நல்லா விழணும்'னு சொல்லிட்டுச் சிரிச்சார்."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"சில பேர் சிரிச்சாங்க மேடம்."

"பாட்டு முடிஞ்சதும்?"

"சத்தமே இல்லை. அடுத்த பாட்டுக்குப் போகலாமான்னு அவர்தான் சொல்லணும். ரெண்டு வாட்டி கேட்டேன், பதில் வரலை. அதனாலதான் நானே இடைவேளை விட்டேன்."

ஆக, ஆறு நிமிட மழைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மேடையை விட்டு யாரோ ஒருவர், அல்லது மேடையிலேயே இல்லாத யாரோ ஒருவர், அந்த அறைக்குள் போயிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு ஆறு வயலின், விக்ரமின் கீபோர்டு, வரதனின் புல்லாங்குழல், ஒரு பாடகர். அவ்வளவுதான். வயலின்காரர்கள் முன்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குழல்காரர் மட்டும் மேடையின் பின்னால் கடைசிப் படியில், பக்கவாட்டுக் கதவோரம். மற்றவர்கள் எல்லாம் கும்பலாகப் பின்பக்கம் டீ குடிக்கப் போயிருந்தார்கள், ஒருவருக்கொருவர் சாட்சி. ரோஷினி மட்டும் மேக்கப் அறையில் தனியாக இருந்தாள். அந்த அறைக்கும் செத்தவரின் அறைக்கும் நடுவே ஒரே சுவர்.

விழாவை ஏற்பாடு செய்த ஜெகன் உள்ளூர்க்காரன். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னான்.

"நான் கவுன்சிலர் பக்கத்துல முன் சீட்டுல குந்திகினு இருந்தேன் மேடம். மழைப் பாட்டுன்னா லைட்டு மொத்தம் ஆஃப். ஜனம் செல்போன் லைட்டைத் தூக்கிக் காட்டணும், அதான் நம்ம கான்செப்ட்டு. குழல் ஆரம்பிச்சு அரை நிமிஷம் கீதோ இல்லியோ, ஏரியா கரண்டு புட்டுக்கிச்சு. ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. ஆனா ஜனத்துக்கு ஒண்ணுமே தெரியல மேடம். லைட்டுதான் முன்னாடியே ஆஃப்பாச்சே! ஸ்பீக்கர் செத்துப்போச்சு, மேடையில வயலின் மட்டும் சன்னமா இழுத்துகினு கீது. வேணும்னே செஞ்சா மாதிரி அம்மாம் அழகு. கவுன்சிலரே கண்ணைத் தொடச்சிகினாரு."

"வீடியோ எடுத்தியா?"

"எடுக்காம? இந்தாங்க."

வரலட்சுமி அவன் செல்போனை வாங்கி இரண்டு முறை கேட்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

குழல்காரர் வரதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கோவில்பதாகை ஊர்க்காரர், அறுபத்தாறு வயது, முகத்தை மூடிய வெள்ளைத் தாடி. கையில் கொடுத்த டீயை ஒவ்வொரு வாய் குடித்ததும் இடது கடைவாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கை நடுங்கவில்லை.

"உங்களை ரொம்ப நாளா திட்டுவாராமே?"

"முப்பத்தஞ்சு வருஷமா திட்றாரும்மா. திட்டாத அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வராது." பிறகு அவராகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாட்டு முடிஞ்சதும் ஜனம் எழுந்து நின்னு கை தட்டிச்சு, யாரனா சொன்னாங்களா உங்களுக்கு? அந்தக் குழலு தொடங்கிச்சுன்னா இன்னைக்கும் ஜனம் அழுவும். பாட்டு எழுதினவரு பேர் தெரியாது, படத்துப் பேர் தெரியாது. ஆனா குழல் வாசிச்சது வரதன்னு தெரியும். ஊடு, வாசல்னு நான் ஒண்ணும் சேக்கல. அது ஒண்ணுதான் கீது எனக்கு. நான் போன பெறவும் அது நிக்கணும்."

"பாட்டு முழுக்க மேடையிலதான் இருந்தீங்களா?"

"குழல் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு" என்றாள் வரலட்சுமி. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

இரவு 8.30.

ரோஷினியை எல்லோர் முன்னாலும் நடத்தி வந்தார்கள். ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடி வீடு, ஐடி வேலை, வார இறுதியில் பாட்டு. கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"அவர் திட்டினது உண்மை. நீ தனியா இருந்தது உண்மை. முதல்ல பார்த்ததும் நீ. ஜீப்ல ஏறு."

"மேடம், நான் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். எங்க அம்மா திருநெல்வேலியில இதை நேரலையில பார்த்துக்கிட்டு இருக்காங்க..."

"இப்பவும் பார்க்கட்டும்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சற்று முன்புவரை அவளோடு செல்ஃபி எடுத்த வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள். வரலட்சுமி அவளைப் பார்க்கவே இல்லை. வரதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரதன் ஒரு கணம் வாயைத் திறந்தார், பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு மூடிவிட்டார். ஒரு பாவமும் அறியாத பெண் ஒருத்தி ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவரால் முடிந்தது.

"எல்லாரும் மேடைக்கு வாங்க" என்றாள் வரலட்சுமி. "ஒரு கச்சேரி பாக்கி இருக்கு."

ஜெகனின் செல்போனை மைக்கருகே வைத்தாள். இருட்டு, செல்போன் விளக்குகள், குழல். பிறகு பட்டென்று ஸ்பீக்கர் நின்றது. சில நொடிகள். மறுபடி ஸ்பீக்கர்.

"நடுவுல என்ன கேட்டுச்சு?"

"வயலின்" என்றார் ஒருவர்.

"வேற?"

வாத்தியக்காரர்கள் விக்ரமைப் பார்க்காமல் செல்போனையே பார்த்தார்கள்.

"வயலினுக்குக் கரண்ட் வேண்டாம். மைக் செத்தாலும் முன்வரிசைக்குக் கேக்கும். கேட்டுச்சு, கவுன்சிலர் கண்ணைத் துடைச்சார். வயலின் சன்னமா ஒரே சுரத்தை இழுக்குது, அதுக்கு மேல பாடிக்கிட்டு இருந்தது குழல். அது எங்க போச்சு? மூங்கில் என்னைக்குங்க கரண்ட்ல ஓடிச்சு?"

விக்ரம் கீபோர்டை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"ஸ்பீக்கரோட சேர்ந்து செத்து, ஸ்பீக்கரோட சேர்ந்து எழுந்த குழல், ஸ்பீக்கருக்குள்ளதான் இருந்திருக்கணும். வாசல்ல முழுக்க லைவ்னு பேனர் கட்டிட்டு உள்ளே முன்னாடியே பதிவு பண்ணின ட்ராக். அது வெளியே தெரிஞ்சா உன்னை இனிமே எவனும் கூப்பிட மாட்டான். அதனால நீ வாயைத் திறக்கலை. சரியா விக்ரம்?"

அவன் தலையாட்டினான். "இருட்டுல பின்னாடி யாரும் தெரியலை மேடம். அவர் உட்கார்ந்திருக்கார்னுதான் நினைச்சேன்."

"குழலை நேராப் பிடி, ஃபோட்டோல விழணும்னாரே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஊதறவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. சும்மா உட்கார்ந்திருக்கிறவனைத்தான் சொல்வாங்க." வரலட்சுமி படியேறிப் போய்ப் புல்லாங்குழலை எடுத்து வந்து வரதனிடம் நீட்டினாள். "டீ கடைவாயில ஒழுகுச்சு. பதட்டம்னு நினைச்சேன், ஆனா கை நடுங்கலை. தாடிக்குள்ள வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு. இல்லைன்னா ஊதிக் காட்டுங்க. அந்தப் பாட்டோட முதல் வரி. நீங்க மேடையிலதான் இருந்தீங்கன்னு ஒத்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போகலாம்."

வரதன் குழலை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோனார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழல் உதட்டைத் தொடும் முன்பே கீழே இறங்கியது.

"ஊதச் சொல்லாதம்மா. நான்தான் கொன்னேன். எழுதிக்க."

தூக்குக்கு அஞ்சாதவர், ஒரு மூச்சுக் காற்றுக்கு அஞ்சினார்.

"போன வருஷம் காலையில எழுந்தேன், வாய் கோணிகினு கீது. டாக்டரு சரியாப்பூடும்னாரு, ஆவல. செத்தானே, அவன்கிட்ட வந்து அழுதேன். 'வந்து உக்காரு, குழலைப் பிடிச்சிகினு உக்காரு, ஜனம் உன்னைப் பாத்தாப் போதும்'னான். சரின்னேன். ஆனா இன்னைக்கு எல்லார் காதுலயும் சொல்லிச் சிரிச்சான்மா. முன்னாடி உக்காந்திருந்த வயலின் பசங்க தோள் குலுங்கிச்சு. லைட்டு ஆஃப் ஆச்சு, கதவைத் திறந்தேன், போனேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. பாட்டைக் கேட்டுகினு கண்ணை மூடிகினு கீறான். தோள்ல பொன்னாடை. நான் இறுக்கறேன், டிவியில என் குழல் பாடுது. பாட்டு முடியறதுக்குள்ள இருட்டுலயே திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

"பேசாம இருந்து ரோஷினியை ஜெயிலுக்கு அனுப்பி வச்சிருப்பீங்க."

"அது சின்னப் பொண்ணு, எப்டியாவது வெளிய வந்துடும்னு நெனச்சேன்." சொல்லும்போது அவருக்கே அது கேவலமாகக் கேட்டிருக்க வேண்டும். குரல் தாழ்ந்தது. "ஒண்ணு மட்டும் கேக்கறேம்மா. கொலையை எழுதிக்க. தூக்குல போடு. ஆனா குழல் நான் வாசிக்கலன்னு எழுதாத. ட்ராக்கா இருந்தா இன்னா? அது என் மூச்சும்மா. அந்தக் காலத்துல நான் ஊதின டேப்பு. விக்ரம் தம்பிதான் தேடி எடுத்துச்சு. ரிகர்சல்ல கேட்டுட்டு அழுதேன். ஜனம் எழுந்து நின்னது எனக்குத்தான்."

வரலட்சுமி விக்ரமைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அந்த டேப் எங்க?"

விக்ரம் கீபோர்டுக்கு உறை போடப் போனான்.

"கோர்ட்டுக்கு வேணும். எங்க?"

"இல்லை மேடம்." அவன் வரதன் பக்கம் திரும்பாமலே பேசினான். "அது எப்பவோ பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கீபோர்டுலயே குழல் சத்தம் இருக்கு. நான்தான் வாசிச்சு வச்சேன்."



"அவர் டேப்னு ஏன் பொய் சொன்னே?"

"சார்தான் சொல்லச் சொன்னார். 'வரதன்கிட்ட உண்மையைச் சொல்லிடாதே, செத்துப்போயிடுவான். அவன் டேப்னே சொல்லு. அது ஒண்ணாவது அவனுக்கு இருக்கட்டும்'னார்."

வரதன் விக்ரமையே பார்த்தார். முப்பத்தைந்து வருடம் குழலோடு வாழ்ந்த காது, கீபோர்டைக் கேட்டுத் தன் மூச்சென்று அழுதிருக்கிறது. அதைத்தான் நினைத்தாரோ, வேறு எதை நினைத்தாரோ. கொலையை ஒப்புக்கொண்டதிலிருந்து அவன், அவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"அவரா அப்டி சொன்னாரு?"

"ஆமா சார்."

வரதன் அப்படியே படியில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை, கோணிய வாய் அதற்கும் ஒத்துழைக்கவில்லை. வயலின்காரர்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நெருங்கினார். வரலட்சுமி கையமர்த்தினாள்.

"முதல் வரி என்ன எழுதட்டும் மேடம்?" என்றான் ஸ்ரீராம்.

"மேற்படி பாட்டில் குழல் வாசித்தவர் வரதன் அல்லர். அதுதான் கேஸ்." நோட்டை வாங்கி வரதனின் மடியில் வைத்தாள். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."